செருப்புத் தவளையும் விரால் குளமும்

தேவிகுளத்தில் நடந்த மூன்று நாள் வகுப்பில், கடைசி நாள் உங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்ததும் சிரித்துவிட்டேன். உங்களில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கிப் போனதைக் கவனித்தேன். அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். மலையை விட்டுக் கீழே இறங்கி மீன்பிடி வழிகாட்டியாக வேலை பார்க்கப் போகிறீர்கள். பதினோரு வருடத்துக்கு முன் சின்னக்கானலிலிருந்து பஸ் ஏறியபோது என் பெட்டியிலும் அச்சாக இதேதான் இருந்தது. மெல்லிய கோல், தலைமுடி தடிமனில் நரம்பு, கொசு அளவில் நாற்பது ஃப்ளை. போதாததற்கு இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கம்பளியும். பங்குனி வெயிலில் கம்பளியோடு கொழிஞ்சாம்பாறையில் இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாத்தனார் வாசலில் நின்று என்னையும் கம்பளியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை.

இந்தக் காகிதம் உங்கள் வீட்டில் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா? ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்கிற பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது. ஆகவே எறிய முடியாது. கோலில் இருக்கும் கனமான லைனைச் சாட்டை போல் முன்னும் பின்னும் சுழற்றிவிட்டால், அந்த லைனின் வேகம் பூச்சியை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கும். லைனுக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நரம்பு. இதுதான் வித்தை. மற்றதெல்லாம் பொறுமை.

எனக்கு இந்த வேலை வந்தது விரலால். தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல் என்பதால் எஸ்டேட்டில் ஃப்ளை கட்ட உட்கார வைத்தார்கள். சேவல் இறகை நூலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் அது அப்படியே நிற்கும். பிறகு விருந்தாளிகளை ஓடைக்குக் கூட்டிப் போகவும் சொன்னார்கள். இருபது வருடம் ட்ரௌட் என்கிற குளிரோடை மீனோடு குடும்பம் நடத்தினேன். அதன் கோபம், சந்தேகம், பசி எல்லாம் எனக்கு அத்துப்படி. "பேச்சியம்மா கையைக் காட்டுனா மீனு வரும்" என்று எஸ்டேட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சை நானும் நம்பிவிட்டேன். அங்கேதான் வினை.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. குளிரில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அவர் அக்கா இரண்டு அறை ஒழித்துத் தந்தார். வந்துவிட்டோம். எனக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தெரிந்த தொழில் இரண்டு: கொழுந்து கிள்ளுவது, மீன் காட்டுவது. கிழக்குப் பாலக்காட்டில் தேயிலை முளைக்காது. ராத்திரி படுத்தால் பயமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் சாமியப்பன் என்கிற தென்னந்தோப்புக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தோப்புக்குள் இரண்டு குடில் கட்டி விருந்தாளிகளைத் தங்க வைத்துக்கொண்டிருந்தார். தோப்பின் ஓரத்தில் அவருடைய குளம். பாதிக்கு மேல் தாமரை, மீதியில் விரால். போய் நின்றேன். விருந்தாளிகளை ஃப்ளை போட்டு விரால் பிடிக்க வைக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இறகக் கட்டிப் போட்டா விராலு கடிக்குமுங்களா?"

"கடிக்கும் அண்ணாச்சி. மலையில இருபது வருசமா கடிக்க வச்சவ நான்."

"செரி. பாப்போமுங்க. ஆனா ஒண்ணு. வைகாசி பொறந்தா மோட்டாரு போட்டுக் கொளத்த எறைக்கறதா இருக்கறேன். தாமரையெல்லாம் புடுங்கிப் போட்டு வளப்புமீன் உடப் போறேன். குஞ்சுக்குக்கூட சொல்லி வெச்சாச்சு. அதுக்குள்ள உங்க இறகு வித்தைல ஒரு விருந்தாளியாச்சும் ஒரு மீனப் புடிச்சுக் காட்டோணும். புடிச்சா கொளமும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

எட்டு வாரம் இருந்தது. எட்டு நாள் போதும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் விருந்தாளி கோயம்புத்தூரில் பம்பு பட்டறை வைத்திருக்கிறவர். வெளிநாட்டுக் கோல், வெளிநாட்டுத் தொப்பி, நல்ல மனுஷர். வாய் மட்டும் ஓயாது. அவருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய கூட்டாளிகள் பத்துப் பேர் வருவார்கள் என்று சாமியப்பன் அண்ணாச்சி காதோடு சொல்லியிருந்தார். அவருடைய கோலைச் சுவரில் சாய்க்கச் சொல்லிவிட்டு என்னுடைய மலைக்கோலை அவர் கையில் கொடுத்தேன். "மெல்லிசா இருந்தாத்தான் மீனுக்குத் தெரியாது" என்று பாடம் வேறு நடத்தினேன்.

பதினோரு மணி வெயில். அரை மணி நேரத்தில் லைன் பிசுபிசுத்துத் துவண்டு, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டது. குளிர்ந்த தண்ணீருக்கென்று செய்த லைன் அது. சூட்டில் இளகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. முப்பதடி போக வேண்டிய பூச்சி காலடியில் விழுந்தது. ஒரு தடவை கொஞ்சம் தூரம் போய்த் தாமரை இலை ஓரத்தில் உட்கார்ந்தது. அந்த நொடியில் தண்ணீர் வெடித்தது. விரால்!

"தூக்குங்க!" என்று கத்தினேன்.

இருபது வருடப் பழக்கம். ட்ரௌட் பொய்யைக் கவ்வினால் அடுத்த கணமே துப்பிவிடும். கண் இமைப்பதற்குள் கோலைத் தூக்க வேண்டும். அவரும் தூக்கினார். விரால் வாயை மூடுவதற்கு முன்பே பூச்சி வெளியே பறந்து, பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் தலைத்துண்டில் போய் மாட்டியது. அவர் அசையாமல் நின்றார்.

"அம்மிணி, மீனுக்கு வெச்ச முள்ளு எனக்குத்தான் மாட்டும்போல இருக்குதுங்க."

பட்டறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே அவமானம் பிடுங்கித் தின்றது. அதன் பிறகு வந்த மூன்று விருந்தாளிகளுக்கும் இதே கதி. மெல்லிய நரம்பு தாமரைத் தண்டில் மாட்டி அறுந்தது. கொஞ்சம் கனமான நரம்பு போட்டால் அறாமல் முள் அங்கேயே நிற்கும். மாட்டியதை எடுக்க நான் இடுப்பளவு சேற்றில் இறங்க வேண்டும். இறங்கினால் குளம் முழுக்கக் கலங்கும். நான்கு வாரத்தில் பிடித்த மீன் எண்ணிக்கை பூஜ்யம். நான் பிடித்த அட்டை மட்டும் ஏராளம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தோற்கும்போது நாம் முதலில் சந்தேகப்படுவது மீனை. அடுத்து விருந்தாளியை. அதற்கடுத்து வெயிலை. நம் பெட்டியைச் சந்தேகப்பட வெகு நாள் ஆகும். எனக்கு ஒரு மாதம் ஆனது.

முள்ளில் சுற்றுவதற்குக் கனமான நூல் வாங்கப் பாலக்காட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். பை, குடை, ரெக்சின் தைக்கிற ஒரு பாய் கடை. கடைக்காரர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அவர் பெயரை இன்றுவரை நான் கேட்டதில்லை, பாய் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. எதற்கு நூல் என்று கேட்டார். சொன்னேன். பூச்சியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளங்கையில் வைத்து ஊதினார். அது பறந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது.

"அக்கா, வராலு இத எதுக்குத் திங்கணும்? அதுக்கு வேண்டியது தவளை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் அதுக்குத் தவளையத்தான் காட்டுறேன்."

"உசுருள்ள தவளை நான் போட மாட்டேன் பாய். கட்டுறதுதான் என் தொழிலு."

"அப்பக் கட்டுங்க. யாரு வேண்டாங்கறா?" என்று காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

பழைய ஹவாய்ச் செருப்பின் அடியைப் பிளேடால் செதுக்கினால் அருமையாக மிதக்கும் தவளை உடம்பு கிடைக்கும். கோழி இறகைப் பின்னால் இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினால் கால். முள் தாமரையில் மாட்டாமல் இருக்க என்ன செய்வது என்று நான் கேட்டபோது, அவர் பக்கத்துக் கடைக்குப் போய் அறுந்த வயலின் கம்பித் துண்டு ஒன்றை வாங்கி வந்தார். கல்பாத்தியிலிருந்து பாட்டு வாத்தியார்கள் கம்பி மாற்ற வருகிற கடை அது. அந்தக் கம்பியை முள்ளின் முனைக்கு முன்னால் வளைத்துக் கட்டினோம். தாமரைத் தண்டு கம்பியில் பட்டு வழுக்கிப் போகும். மீன் கடித்தால் கம்பி மடங்கி முள்ளுக்கு வழிவிடும். சங்கீதம் இப்படியும் உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அவர் தான் வழக்கமாகத் தூண்டில் போடுகிற வாய்க்கால் கரைக்கு என்னைக் கூட்டிப் போனார். நான் அண்ணாச்சியிடம் கேட்டு, விருந்தாளி ஒருவர் விட்டுப்போன கனத்த கோலைக் கொண்டு போயிருந்தேன். லைனை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். இறுகலாகவே இருந்தது. தவளை இலை மேல் விழுந்து, இலையிலிருந்து தண்ணீருக்குக் குதித்தது. வெடித்தது தண்ணீர். என் கை தானாகக் கோலைத் தூக்கப் போனது. பாய் மணிக்கட்டைத் தட்டிவிட்டார்.

"தூக்காதீங்க! பிஸ்மில்லா சொல்லி முடிச்சிட்டு லைனக் கையால இழுங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "முருகா, முருகா." சொல்லி முடித்து இழுத்தேன். பாறையில் கட்டியது போல் கனத்தது. முழங்கை நீள விரால். விரால் கவ்வியதும் கீழே போகும், வாயைத் திருப்பும், அதன் பிறகுதான் முள் ஏறும். ஒரு சாமி பெயருக்கு ஆகும் நேரம் அது. பின்னால் வந்த வருடங்களில் என் விருந்தாளிகள் எல்லோருக்கும் அதையே சொல்லிவந்தேன். அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். சாமி இல்லை என்று சொன்ன ஒருவர் மட்டும் மனைவி பெயரைச் சொன்னார். அவருக்கும் மீன் கிடைத்தது.

சரி, இதுவரை பெட்டியின் கதை. பெட்டியை மாற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று மறுபடியும் நினைத்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. அதைத்தான் வகுப்பில் சொல்லாமல் விட்டேன்.

சித்திரை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக்காரர் மறுபடி வந்தார். நடுவே வேறு விருந்தாளி யாரும் வராததால் நான்தான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தேன். கரையில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியாகிவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு விருந்தாளி, ஒரு மீன். அது நடக்காவிட்டால் குளமும் போச்சு, என் பிழைப்பும் போச்சு. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியிருந்தது. தண்ணீர் குளிர்ந்து கலங்கிக் கிடந்தது. விடிகாலையில் ஆரம்பித்தோம். தவளை அழகாகப் போய் உட்கார்ந்தது. தாமரையில் ஒரு தடவைகூட மாட்டவில்லை. மூன்று மணி நேரம். ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரரின் வாய்கூட ஓய்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணி வாக்கில் வடக்கு மூலையில், தாமரை இல்லாத திட்டில், தண்ணீர் சிவப்பாகக் கொதித்தது. மழைத் தூறல் விழுவது போல் ஒரு முறம் அகலத்துக்குச் சின்னச் சின்னப் புள்ளி. அடங்கியது. மறுபடி கொதித்தது. விரால் குஞ்சுகள். இங்கே அதற்குப் பார்ப்பு என்று பெயர். நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். அப்போதுதான் ஒரு கரிய முதுகு மெல்லப் புரண்டது. என் கை நீளம் இருக்கும். அவ்வளவு பெரிய விராலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அதா பாருங்க!" என்றார் பட்டறைக்காரர்.

அண்ணாச்சி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "போடச் சொல்லுங்க அம்மிணி! பார்ப்போட நிக்கற விராலு எதப் போட்டாலும் உடாது. இன்னைக்கு உங்க அதிர்ஷ்டமுங்க!"

உண்மைதான். பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாற்ற அது எதன் மேலும் பாயும். செருப்பைப் போட்டால் செருப்பைக் கடிக்கும். போட்டால் கட்டாயம் மீன். வேலை என்னுடையது. குளமும் தப்பிக்கும்.

இந்தக் கேள்வி மலையில் எனக்கு வந்ததே இல்லை. அங்கே ஓடையில் மீன் குறைந்தால் குஞ்சுப் பண்ணையிலிருந்து டிரம்மில் வரும், கொட்டிவிட்டுப் போவார்கள். எந்த மீனுக்கு எது தாய் என்று இருபது வருடத்தில் நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தக் குளத்துக்கு டிரம் வராது. காவல் மீனை எடுத்துவிட்டால் அந்தச் சிவப்பு முழுக்க மத்தியானத்துக்குள் மீன்கொத்திக்கும் கெண்டைக்கும் இரை. பாய் வாய்க்கால் கரையில் போகிற போக்கில் சொன்னது இது. அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பட்டறைக்காரர் லைனைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு மனசு, கண்ணை மூடிக்கொள், ஒரே ஒரு மீன்தானே என்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனசு சத்தமாகவே பேசியது. எட்டிப் போய்ப் பின்னால் வந்த லைனைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாங்க சார். இதுக்குப் போடக் கூடாது. குஞ்சோட நிக்கு."

"என்னம்மா இது? நீங்கதான வரச் சொன்னீங்க?"

"நான்தான் சார். மூணு மணி நேரம் ஒண்ணும் கிடைக்கலங்கறது என் தோசம். அதுக்கு இதைப் போட்டு ஈடு கட்டக் கூடாது. இதை எடுத்தா அத்தனை குஞ்சும் போயிரும்."

அவர் முகம் சிவந்தது. கோலைக் கீழே வைத்தார். அண்ணாச்சி என்னையே பார்த்தார். "அம்மிணி, நாளன்னிக்கு வைகாசிங்க. உங்குளுக்கு ஞாபகம் இருக்குதுல்ல?"

"இருக்கு அண்ணாச்சி."

அழுகை வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். மதியம் வரை வேறு இடங்களில் போட்டுப் பார்த்தோம். மீன் இல்லை. பட்டறைக்காரர் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

வைகாசி முதல் தேதி விடிந்ததும் கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டுக்காரரிடம், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், ஏதாவது கடையில் பூக்கட்டவாவது எடுப்பார்கள், விரல் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தோப்புக்குள் நுழையும்போதே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். மோட்டார் சத்தம் இல்லை. ஆள் இன்னும் வரவில்லை போல என்று நினைத்தேன்.

வடக்கு மூலையில் அண்ணாச்சி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தென்னை மட்டை. நான் வாயைத் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்தார். தண்ணீர் சிவப்பாகக் கொதித்து அடங்கியது. எதிர்க் கிளையிலிருந்து ஒரு மீன்கொத்தி கிளம்பியதும் எழுந்து மட்டையை வீசினார். அது பயந்து திரும்பிப் போனது. ரொம்ப திருப்தியாக உட்கார்ந்தார்.

"நேத்திருந்து இதே பொழப்பாப் போச்சுங்க" என்றார். "எம்பட தோப்புல நாப்பது வருசமாப் பார்ப்பு வந்துட்டுத்தான் இருந்துருக்குது. இப்பத்தான் உக்காந்து பாக்கறேன். அந்தப் பெருசு இருக்குதே, ஒரு நிமிசம் நவுறுலீங்க. ஒரு பாம்ப அடிச்சு வெரட்டுச்சு பாருங்க, அப்பப்பா!"

"மோட்டாரு, அண்ணாச்சி?"

"இதுகள வெச்சுட்டு எப்படீங்க எறைக்கறது? சேத்துலயா துடிக்க உடறது? வளப்புமீன்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிப் போட்டனுங்க."

கோலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அத எதுக்குக் குடுக்கறீங்க? பட்டறைக்காரரு நேத்துப் போன் பண்ணுனாருங்க. ஊட்டுல போய்ச் சொல்லியிருக்காரு, அவங்க சம்சாரம் கேட்டுச்சாம், 'கையில வந்த மீன உட்ட ஆளு யாரு, நான் பாக்கோணும்'னு. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாராங்களாம்."

"மீன் பிடிக்கவா?"

"இல்லீங்க. பார்ப்பப் பாக்க. மீனப் புடிக்கறது ஆடியிலயாமா." மறுபடி கிளையைப் பார்த்தார். பிறகு மட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "நான் போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்தர்றேன் அம்மிணி. அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்க. இங்க உங்க வேலை இதுதானுங்களே."